நாலு மீட்டரும் ஒரு சாணும்

போன வாரம் எங்கள் பழைய பராமரிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. உள்ளங்கை அளவில் ஒரு பலகை, அதன்மேல் இரண்டு அலுமினியத் தகடுகள், ஓரத்தில் ஒரு நீலத் துண்டு, அதன் தலையில் கடுகளவு பித்தளைத் திருகு. படத்துக்குக் கீழே கேள்வி: "பாய், புது ஸ்டெப்-டவுன் மாட்யூல் வந்திருக்கு. இருபது ஆம்பியர்னு போட்டிருக்கான். பஞ்சுத் தூசி விழாம மேல எதையாச்சும் போட்டு மூடிரலாமா?"

"மூடாதீங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும். அதைவிடப் பெரிய விலையை மாரியம்மா என்கிற பெண் கொடுத்தாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. நான் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சையும் கழற்றி மாட்டுவதைப் பார்த்து நொந்துபோயிருந்த என் மனைவிக்கும் இதில் பரம சந்தோஷம்.

நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி இராஜபாளையம் போய், இருபத்தாறு வருடம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். அங்கே நான் படித்த பாடம் ஒன்றே ஒன்று: பஞ்சு போகாத இடம் கிடையாது. மோட்டாருக்குள் போகும், சுவிட்சுகள் இருக்கும் பேனல் பெட்டிக்குள் போகும், மூடி வைத்த டிபனுக்குள் போய் இட்லிக்கு மீசை வைக்கும். ஆகவே எதைக் கண்டாலும் மூடு. இந்தப் பாடத்தை நெஞ்சில் எழுதிக்கொண்டுதான் அங்கிருந்து பேண்டேஜ் கம்பெனிக்கு மாறினேன்.

பேண்டேஜ் கம்பெனியில் மூடுவதற்குக் கேட்கவா வேண்டும்? வெட்டியது போக மிஞ்சும் வெள்ளைத் துணி மூலைக்கு மூலை கிடக்கும். தண்ணீர்ப் பானைக்கு அதுதான் மூடி. டிபன் கேரியருக்கு அதுதான் உறை. ரேடியோ, தொலைபேசி, சுவரில் இருந்த சாமி படம், எல்லாவற்றுக்கும் மெல்லிய வெள்ளை முக்காடு. புதிதாக உள்ளே வருகிறவர்கள், இங்கே எல்லாவற்றுக்கும் அடிபட்டுவிட்டதா என்றுதான் கேட்பார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி சுப்பராஜா சார், ஃபோர்மன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் "ஏமய்யா" என்று ஆரம்பிப்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத் திட்டை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். காதில் எப்போதும் ஒரு பாதிப் பென்சில் இருக்கும். எந்த பேனலைத் திறந்து அளந்தாலும், கதவின் உள்பக்கத்தில் அந்தப் பென்சிலால் தேதி போட்டு, அளவை எழுத வேண்டும். "நோட்டு தொலைஞ்சு போகும். கதவு எங்கய்யா போகும்?" என்பார்.

அங்கே பேண்டேஜ் சுற்றும் மெஷின்களுக்குப் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் வேண்டும். முன்பு ஒவ்வொரு மெஷினுக்கும் அடியில் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அவை புகைய ஆரம்பித்தபோதுதான் இந்த மாட்யூல் வந்தது. பொதுவான ஒரு பெட்டியிலிருந்து வரும் இருபத்துநாலு வோல்ட்டை ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கம் நமக்கு வேண்டிய அளவுக்கு இறக்கித் தரும். அந்தப் பித்தளைத் திருகைத் திருப்பித்தான் அளவை வைக்க வேண்டும்.

முதல் நாள் அந்தத் திருகை நான் இடதுபக்கமாக ஐந்து சுற்று சுற்றினேன். மீட்டரில் ஒன்றும் அசையவில்லை. எட்டுச் சுற்று சுற்றியும் அப்படியே நின்றது. "சார், செத்த பீஸைக் குடுத்து ஏமாத்திட்டான்" என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். "இன்னும் சுத்துய்யா. அதுக்கென்ன அவசரம்?" என்றார். பதினோராவது சுற்றில் எண்கள் மெதுவாக இறங்க ஆரம்பித்தன. குழந்தை முதல் அடி எடுத்து வைத்த மாதிரி எனக்கு அம்புட்டு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், அளவு இறங்கி முடியும் முன்பே, மெஷினில் சுற்றுகளை எண்ணும் கவுண்டர் கருவியின் ஒயரைக் கொண்டுபோய்ச் செருகினேன். பன்னிரண்டைக் குடிக்க வேண்டிய கவுண்டர் இருபதைக் குடித்துப் புகையைக் கக்கியது.

"ஏமய்யா" என்றார் சுப்பராஜா சார்.

அன்று முதல் எங்கள் முறை இதுதான். முதலில் உள்ளே வரும் மின்சாரத்தை மட்டும் கொடு. வெளியே எதையும் மாட்டாதே. மீட்டரை வை, திருகு, பன்னிரண்டு வந்ததும் கையை எடு. கதவில் எழுது. பிறகு மோட்டாரை மாட்டு, ஓட்டு, மறுபடி அள, மறுபடி எழுது. ஆம்பியர் விஷயத்தில் அவருக்குத் தனிக் கணக்கு. "டப்பாவுல எழுதினதுல பாதியை நம்பு. சித்திரை வெயில்ல அதுலயும் கொஞ்சம் கொறைச்சு நம்பு." எங்கள் மோட்டார் இழுப்பது ஐந்து ஆறு ஆம்பியர்தான். முதலில் ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும், இருபது என்று எழுதியிருந்த மாட்யூல் போட்டோம். தகடு சூடாகாமலிருக்க ஒரு சின்ன விசிறியும் வைத்தேன்.

விசிறியைப் பார்த்ததும் எனக்குப் பழைய பாடம் நினைவுக்கு வந்துவிட்டது. பஞ்சு! விசிறி பஞ்சை இழுக்குமே. நல்ல பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக எடுத்து, மாட்யூலுக்கும் விசிறிக்கும் சேர்த்து ஒரு உறை தைத்துப் போட்டேன். காற்றுப் போகும், தூசி போகாது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். கொஞ்ச நாளில் அந்தத் துணியையும் தாண்டித் தூசி தெரிந்தது. நாலு மடிப்பாக்கினேன். பிறகு எட்டு. ஒவ்வொரு மடிப்புக்கும் என் கெட்டிக்காரத்தனம் கூடிக்கொண்டே போனது.

அந்த மெஷினை ஓட்டியவள்தான் மாரியம்மா. சோழபுரத்திலிருந்து வருகிறவள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது, கையும் ஓயாது. பெரிய உருளையிலிருந்து துணி வரும். ஒரு சென்சார் உருளையின் சுற்றுகளைக் கவுண்டருக்குச் சொல்லும். நாலு மீட்டர் ஆனதும் கவுண்டர் மோட்டாரை நிறுத்தும். அவள் வெட்டி, சுருளை எடுத்து, அடுத்ததை மாட்டுவாள். இதை நாளெல்லாம் செய்துகொண்டே கம்பெனியில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லுவாள்.

ஒரு பெரிய உருளைக்கு முந்நூறு ரோல் வர வேண்டும். அந்த வருடம் கோடை தொடங்கியபோது அவள் மெஷினில் மட்டும் இருநூற்று எண்பது வந்தது. மறுபடி எண்பத்திரண்டு. மறுபடி எண்பது. பக்கத்து மெஷின்களில் பழைய டிரான்ஸ்ஃபார்மர்தான், அவற்றில் கணக்குச் சரியாக இருந்தது. உருளைக்கு எண்பது மீட்டர் துணி எங்கே போகிறது? முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அவர் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். சாயங்காலம் வாசலில் மாரியம்மாவின் பையை மட்டும் சோதிக்க உத்தரவு வந்தது.

முதல் நாள் நான் அங்கே நின்றிருந்தேன். அத்தனை பேரும் வெளியே போகிற நேரம். அவள் பையைத் திறந்து, டிபன் கேரியரின் மூன்று அடுக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வாட்ச்மேனிடம் நீட்டினாள்.

"நல்லாப் பாருங்கண்ணே. ரசத்துக்குள்ள முங்கிக் கெடக்கப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அடுக்கை மறுபடி மாட்டும்போது கொக்கி விழவில்லை. மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, அடுக்குகளை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்குள் கணக்குச் சரியாகாவிட்டால் அவளை மெஷினை விட்டு எடுத்துவிடுவதாகப் பேச்சு. "எடுக்கிறதுக்கு முன்னாடி நானே நின்னுக்கிடுவேன். ஆனா திருடின்னு பேரு வாங்கிட்டு எந்தக் கம்பெனி வாசல்ல போய் நிப்பேன் பாய்?" என்று கேட்டாள்.

இதில் என்னைக் குத்துவது என்னவென்றால், அவள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன், "பாய், மெஷினு விக்குது" என்றாள்.

"விக்குதா? என்ன, தண்ணி குடுக்கணுமா?"

"வெளாடாதீக. பதினோரு மணி வாக்குல ஆரம்பிச்சு, சுருள் ஓடும்போது நடுவுல நடுவுல ஒரு விக்கு விக்குது. வந்து பாருங்க."

போனேன். உறையைக் கழற்றினேன். பிரஷால் தூசி தட்டினேன். மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு. ஓட்டச் சொன்னேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. கதவில் எழுதினேன்: பன்னிரண்டு. உறையைப் போட்டேன். "ஒண்ணும் இல்ல மாரியம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி போனேன், கழற்றினேன், அளந்தேன். பன்னிரண்டு. மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும் அவசரத்தில் பைக் சைலன்சரில் கணுக்காலைச் சுட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் எஸ்தர் மருந்து தடவிக் கட்டுப் போட்டார். நாங்கள் சுற்றிய பேண்டேஜ்தான்.

"ஒங்க கம்பெனி ரோலுதான் பாய். இப்பல்லாம் நல்ல தாராளமா வருது" என்றார்.

"தாராளமான்னா?"

"முன்ன ஒரு காலுக்கு ஒரு ரோலு கணக்கா இருக்கும். இப்ப கட்டி முடிச்சும் மிச்சம் நிக்குது. ஒங்க மொதலாளிக்கு நல்ல மனசு."

என் முதலாளியின் மனசு எனக்குத் தெரியும். நல்ல மனசுதான், ஆனால் சென்டிமீட்டரில் அல்ல. போட்ட கட்டை நானே அவிழ்க்க ஆரம்பித்தேன். எஸ்தர் "பாய், என்ன பண்றீக?" என்று கத்தினார். மிச்சத்தையும் சேர்த்துச் சுவர் ஓரமாக வைத்து, அங்கே உயரம் அளக்க ஒட்டியிருந்த பட்டையில் மடக்கி மடக்கி அளந்தேன். நாலு மீட்டரைத் தாண்டி ஒரு சாணும் நாலு விரலும் இருந்தது. அந்தக் கிளினிக்கில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு நான் போட்ட சத்தத்தில் காத்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். துணி எங்கேயும் போகவில்லை! ரோலுக்குள்ளேயே இருந்தது. குறைந்தால் ஊரே சண்டைக்கு வந்திருக்கும். கூடினால் எவன் புகார் கொடுப்பான்?

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சுப்பராஜா சார் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஸ்டோரில் இருந்த அவள் மெஷின் ரோல்களில் முப்பதை எடுத்து மேசையில் விரித்து அளந்தோம். பெட்டிகளில் நேரம் குறித்திருக்கும். காலை எட்டு மணி ரோல் சரியாக நாலு மீட்டர். பத்து மணிக்கும் அதே நாலு. பதினோரு மணிக்கு மேல் சுற்றியதெல்லாம் சாண் சாணாக நீண்டிருந்தது.

"கவுண்டர் எண்ண மறக்குதுய்யா. ஏன் மறக்குது?" என்றார்.

"கரெண்ட் சரியா இருக்கு சார். கதவுல பாருங்க" என்று காட்டினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. என் கையெழுத்தில் அத்தனையும் அழகாக இருந்தன.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, மீட்டரை விட்டுவிட்டு ஆளிடம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"விக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன் சார். பாய் வந்து தொறந்தா நின்னுருது. அவுக மூடிட்டுப் போயி செத்த நேரத்துல பொறவும் விக்குது. எம் பேச்சை யாரு கேக்கா?"

"தொறந்தா நின்னுருதா?"

"ஆமா சார்."

சுப்பராஜா சார் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. "மைதீனு, இன்னிக்கு நீ அந்த உறையைத் தொடக் கூடாது. மீட்டர் ஒயரை மட்டும் அடியில விட்டு வெளிய எடு." என்னுடைய புது டிஜிட்டல் மீட்டரை ஒதுக்கிவிட்டு, தன் பெட்டியிலிருந்து முள் வைத்த பழைய மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். எண் காட்டும் மீட்டர் நிதானமாக யோசித்துத்தான் மாறும். முள் அப்படி இல்லை, உடனே துள்ளும்.

மாரியம்மா மெஷினை ஓட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்த்தோம். ஒன்பது மணி, பன்னிரண்டு. பத்து மணிக்கும் பன்னிரண்டில்தான் நின்றது. டீ வந்தது, கடலை தீர்ந்தது. பத்தே முக்கால் இருக்கும். முள் சட்டென்று கீழே விழுந்து, கண் சிமிட்டும் முன் மேலே வந்தது.

"விக்குச்சு!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

பிறகு அது நிற்கவே இல்லை. சூடு எல்லை மீறினால் அந்த மாட்யூல் தன்னைக் காத்துக்கொள்ளச் சற்று நின்று, மறுபடி ஓடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நின்ற அந்த நொடியில் மோட்டாருக்கும் சென்சாருக்கும் மின்சாரம் இல்லை. ஆனால் ஓடிவந்த வேகத்தில் உருளை சுற்றிவிடும், துணி போய்விடும், சென்சார் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். கவுண்டருக்குள் சொந்த பேட்டரி இருந்ததால் அது பழைய எண்ணை அழிக்காமல் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல அங்கிருந்து எண்ணும்.

உறையைத் தொட்டுப் பார்த்தேன். எட்டு மடிப்புத் துணியில் பஞ்சு அப்பி, கம்பளி மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தது. உள்ளே விசிறி பாவம், தன் சூட்டுக் காற்றைத் தானே சுற்றிச் சுற்றிக் குடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் அளப்பதற்காக உறையைக் கழற்றினேன். கழற்றியதும் சூடு ஆறியது. அது ஆறிய பிறகு அளந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நோயாளி என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறான், நான் காய்ச்சல் இல்லை என்று சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவமானமாக இருந்தது. ஒரு பெண் வாசலில் டிபன் அடுக்கைத் திறந்து காட்டியதற்குக் காரணம் நான் தைத்த உறை. சுப்பராஜா சார் முகத்தைப் பார்த்தேன். "ஏமய்யா" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "மேல போயி மொதலாளிகிட்ட நீயே சொல்லிட்டு வா. வர்றதுக்குள்ள நான் இன்னொரு டீ சொல்றேன்" என்றார். அவர் எனக்காகப் போய்ப் பேசியிருக்கலாம். போகாததற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

முதலாளி நான் சொன்னதைக் கேட்டு முதலில் முறைத்தார். பிறகு அந்த உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் நல்லாத்தான் இருக்கு பாய்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தே விட்டார். எனக்கு உயிர் வந்தது. இறங்கி வந்து மாரியம்மாவிடம், "தப்பாப் போச்சும்மா. ஒனக்கு என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. "இங்கன சொன்னதை வாசல்ல வந்து சொல்லுங்க மொதலாளி. பையைத் தொறந்தது அங்கனதான்."

சாயங்காலம் அவர் வந்தார். அத்தனை பேரும் வெளியே போகிற அதே நேரம். அவள் பையைத் தானே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, துணி திருடு போகவில்லை, மெஷினில்தான் கோளாறு, இந்த அம்மா அதை முதலிலேயே சொல்லியிருக்கிறார், கேட்காதது எங்கள் தப்பு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சரி மொதலாளி, பையைக் குடுங்க. சோழபுரம் பஸ்ஸு போயிரும்" என்றாள் மாரியம்மா.

அன்று எழுந்த சிரிப்பு ரோட்டில் போனவர்களையே திரும்பிப் பார்க்க வைத்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் என் பக்கத்தில் ஒரு நொடி நின்று, "இனிமே விக்குதுன்னு சொன்னா கேப்பீகளா பாய்?" என்றாள். "சத்தியமா கேப்பேன்" என்றேன். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்திருப்பாள். தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

உறை குப்பைக்குப் போனது. மாட்யூலைத் தகடுகள் நெட்டுக்குத்தலாக நிற்கும்படி திருப்பி மாட்டினேன், பஞ்சு தங்காமல் விழட்டும் என்று. தினமும் காலையில் ஒரு பிரஷ். கதவில் எழுதுவதிலும் ஒரு மாற்றம் வந்தது. வோல்ட்டுக்கு முன்னால் ஒரு வரி: "மாரியம்மா: விக்கல் இல்லை." அதற்குப் பிறகுதான் மீட்டரைத் தொடலாம் என்பது சுப்பராஜா சாரின் உத்தரவு. மற்ற மெஷின்களுக்கும் மாட்யூல் போட்டபோது அவற்றை ஓட்டுகிறவர்கள் பெயரும் கதவில் ஏறியது. ஆகவே நண்பர்களே, புது மாட்யூலை மூடாதீர்கள். ஓட்டுகிறவரைக் கேட்டுவிட்டு அளந்து பாருங்கள், ஓடுகிறபடியே அளந்து பாருங்கள்.

என் கடைசி வேலைநாளில் கம்பெனியில் சால்வை போட்டார்கள். நான் எல்லோருக்கும் பால்கோவா கொண்டுபோயிருந்தேன். மாரியம்மா ஒரு பேண்டேஜ் ரோலை ரிப்பன் கட்டி என் கையில் வைத்தாள். "சைலன்சர்ல காலை வைக்கிற ஆளு. ஒங்களுக்கு இதுதான் ஒதவும்" என்றாள். வீட்டுக்கு வந்ததும், புத்தி யாரை விட்டது, அளக்கத் தோன்றியது. ஒரு முனையை என் மனைவியிடம் பிடிக்கச் சொல்லி, வாசல்வரை விரித்து டேப்பை வைத்தேன். நாலு மீட்டர். அதற்கு மேலும் துணி இருந்தது. கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண், நாலு விரல்.

மெஷினில் கோளாறு எதுவும் கிடையாது. அன்று காலை நான்தான் அவளைக் கேட்டுவிட்டு, கடைசித் தடவையாக மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். விக்கல் இல்லை, பன்னிரண்டு வோல்ட்.